நுனி இழந்த காப்பிச் செடி

காலை 6.40. கண்ணாடிக் கூடத்தின் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே, வாடல் நோய் தொடாத ஒரே காப்பிச் செடியின் நுனியை யாரோ வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

உகாண்டாவின் முகோனோ பண்ணையில் ஒன்பது வருடம் அதை வளர்த்தவர் டாக்டர் செவன்யானா. மூன்று வாரம் நைரோபியில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். செய்தி கேட்டதும் உள்ளே போய்ப் பார்க்காமல் வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

7.30. இன்ஸ்பெக்டர் நமுத்தெபி வந்தபோது, காவலாளி ஒகிரோரை மரத்தோடு கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது.

"இவன்தான் அஃபாண்டே! நான்தான் பிடிச்சுக் கட்டினேன்," என்று அதிகாரியை மரியாதையாக விளித்துச் சொன்னான் கலுலே. டாக்டரின் மைத்துனன். கூடத்தின் சாவி டாக்டர் இல்லாதபோது அவனிடம் மட்டுமே இருக்கும்.

"எப்ப வேலைக்குச் சேர்ந்தான்?"

"அஞ்சு நாள் ஆச்சு. முழியப் பாருங்க, திருட்டு முழி."

"நுனியைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"நேத்து சாயங்காலம். நான்தானே தண்ணி ஊத்துறேன். முழுசா இருந்துச்சு."

நமுத்தெபி உள்ளே போய்க் குனிந்தாள். வெட்டு ஈரமாக, புதிதாக இருந்தது. கீழிருந்த இலையை விலக்கினாள். கணுவில் இரண்டு பச்சைத் துளிர்கள், விரல்நுனி உயரத்தில்.

8.10. "டாக்டர், நுனி போனா பக்கத்துளிர் எப்ப வரும்?"

"வளர்ச்சிச் சுரப்பு நுனியிலதான் ஊறிக் கீழ இறங்கும். அது இறங்குற வரைக்கும் பக்கத்து மொட்டு தூங்கும். நுனியை வெட்டினா ஊற்று நின்னுடும், மொட்டு முழிச்சுக்கும். ஆனா ரெண்டு வாரமாவது..." அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "துளிர் இருக்கா?"

"விரல்நுனி அளவு இருக்கு. அப்படின்னா நுனி போய் ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. அப்போ ஒகிரோர் இங்க வேலைக்கே சேரல. நீங்க இன்னிக்கு வர்றீங்கன்னு தெரிஞ்சு, பழைய வெட்டைப் புதுசா சீவி, பூட்டை உடைச்சது யாரு? இல்லாத நுனியை நேத்து பார்த்தேன்னு சொன்னவர்தான்."

டாக்டர் மைத்துனன் பக்கம் திரும்பினார். "கலுலே... நீயா?"

"என் தோட்டம் மொத்தமும் வாடிச்சு மச்சான். நட ஒரே ஒரு குச்சி கேட்டேன். சோதனை முடியட்டும், முடியட்டும்னு நாலு வருஷம் சொன்னீங்க."

"துளிரைக் கிள்ளியிருந்தா தப்பிச்சிருப்பீங்க," என்றாள் நமுத்தெபி.

"தெரியும் அஃபாண்டே. கை வரல. செடியாவது பிழைக்கட்டும்னு விட்டேன்."

"செடியைக் கிள்ள வராத கை, இவனைக் கட்ட எப்படி வந்துச்சு?"

டாக்டர் எழுந்து போய், முடிச்சை அவிழ்த்தார். கயிறு கீழே விழுந்த பிறகும் ஒகிரோர் மரத்தைவிட்டு நகரவில்லை.