மூன்றாம் வரிசையின் கடைசிக் கட்டம்

எந்தக் கணக்கும் ஓடவில்லை. ஆனாலும் திரையின் மேல் மூலையில் ஒரு கட்டம் மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். மலைச்சரிவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் யமிலேயைத் தவிர யாருமில்லை. தகரக் கூரையில் விட்டுவிட்டுப் பெய்த மழையும், சன்னலை அடைத்து நின்ற மூடுபனியும், நனைந்த கம்பளிச் சால்வையின் வாடையும், புதுக் கணினியின் விசிறிகள் சின்னதாய் முனகுவதும் சேர்ந்து அவளை என்னவோ செய்தன. திரையில், கணினி மூளையின் கோர் எனும் பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வேலை கூடக்கூட உள்ளே நீல நிறம் அடியிலிருந்து ஏறும்.

இந்தக் கணினியை வாங்கவைத்தவளே அவள்தான். பழைய கணினியில் மழைக்கு லா எஸ்பிகா குன்று சரியுமா என்று பார்க்கும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது பாதிக் கட்டங்கள் சும்மா கிடக்கும். பார்வையிட வரும் இயக்குநர் எவேலியோ, "பாதி தூங்குதே, புதுசு எதுக்கும்மா?" என்று கேட்டுவிடுவார். அதனால் கணக்கை நிறுத்திவிட்டு, எதற்கும் உதவாத வெற்றுச் சுழற்சி நிரல் ஒன்றை எல்லாக் கோர்களிலும் ஓடவிட்டாள். கட்டங்கள் விளிம்புவரை நிரம்பின. இயக்குநர் அங்கேயே சம்மதித்தார்.

அன்று காப்பி கொண்டுவந்த அலுவலக உதவியாளர் நூபியா தட்டோடு நின்று திரையைப் பார்த்தாள். அவள் வீடு அதே குன்றில்தான்.

"எங்க குன்று மாதிரியே அடுக்கடுக்கா இருக்கே இன்ஜினியரம்மா! இதுல என் வீடு எது?"

"மூணாவது வரிசை, கடைசி."

"அடப்பாவமே, இங்கயும் என்னை ஓரங்கட்டிட்டீங்களா!"

இருவரும் சிரித்தார்கள்.

அன்றிரவே லா எஸ்பிகா சரிந்தது. கணக்கை ஓடவிட்டிருந்தால் மாலைக்குள் எச்சரித்திருக்கும். நூபியாவையும் மற்ற வீட்டாரையும் தோண்டித்தான் எடுத்தார்கள். "பழைய மெஷின் கழுத்தறுத்துடுச்சு" என்று இயக்குநர் வருந்தியபோது யமிலே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

இப்போது திரையில் முதல் வரிசை முழுக்க நிரம்பிவிட்டது. பிறகு இரண்டாவது. மேலிருந்து கீழாக. குன்று இறங்கிய மாதிரியே.

கணினியை அணைத்தாள். அணையவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினாள். விசிறிகள் ஓய்ந்தன. மழை மட்டும்.

திரை அணையாமல் ஒளிர்ந்தது.

நீலம் இல்லை இப்போது. பழுப்பு. அறை முழுக்க ஈரமண் வாடை. அதனூடே காப்பி மணம்.

எல்லாம் நிரம்பின. மூன்றாம் வரிசையின் கடைசிக் கட்டம் தவிர.

பிறகு அதிலும் ஏறியது. பாதி. முக்கால். விளிம்புக்கு மயிரிழை கீழே நின்றது. பழுப்பின் மேல்கோடு ஏறியது. இறங்கியது. முகத்தை மட்டும் தூக்கி யாரோ மூச்சு வாங்குவதுபோல.

"நூபியா..." யமிலே திரைமேல் குனிந்தாள். "நான்தான் நிறுத்தினேன்."

கோடு அசையாமல் நின்றது.

பிறகு, நிரம்பிக்கிடந்த மற்றக் கட்டங்களிலெல்லாம் பழுப்பு ஒரு மயிரிழை தாழ்ந்தது. ஏறியது. இறங்கியது.

எல்லாக் கட்டங்களும். சேர்ந்து.