மறுபக்கம் மெல்லும் ஊர்

செவ்வாயின் குமிழூரில் காலையில் பல் துலக்கும்போதே, இரவில் எவ்வளவு காற்று கசிந்தது என்று ஒலிபெருக்கி சொல்லிவிடும். பூமியில் மழை நிலவரம் கேட்பதுபோல, மக்கள் அதைக் கேட்டுக்கொண்டே வாய் கொப்பளிப்பார்கள்.

ஊரை மூடியிருக்கும் கண்ணாடிக் குமிழில் விரிசல் விழுந்தால் வெளியே போய் அடைப்பவன் தணிகைவேல். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. குமிழைக் கண்காணிக்கும் இயந்திர மூளையின் பெயர் கவனி. மனிதர்களைப் பார்த்துப் பார்த்தே அது நிர்வாகம் கற்றுக்கொண்டது. அதை வடிவமைத்தவர்கள் இதை ஒரு சிறப்பம்சம் என்று நம்பினார்கள்.

பாசி முறுக்கைக் கடித்ததில் தணிகைவேலின் வலது கடைவாய்ப் பல் விண்டுபோனது. பல் மருத்துவ இயந்திரம் அன்றே அடைத்துவிடக் கூப்பிட்டது. "வலி வந்தா பாத்துக்கலாம்" என்று அவன் இடது பக்கம் மெல்லத் தொடங்கினான். இது சரியான பராமரிப்பு முறையா என்று கவனி விசாரித்தது. ஊர் உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் என்றான். கவனி அதை மனதில் வைத்துக்கொண்டது.

ஒரு பகலில் மேற்குக் கூடத்தில் அபாய மணி அடித்தது. அங்கேதான் பள்ளிக்கூடம், அவன் மகள் கயல் படிப்பதும் அங்கேதான். குழந்தைகளைக் கிழக்கே ஓட்டிவந்தார்கள். தணிகைவேல் கவச உடைக்குள் புகுந்தான். அந்த உடைக்குள் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் இறங்க இறங்க, பல்லின் பொந்தில் சிக்கியிருந்த வாயு உப்பியது. வெளிக்கதவு திறப்பதற்குள் வலியில் சுருண்டு விழுந்தான்.

கட்டுப்பாட்டறை ரெஜினா அவனை உள்ளே இழுத்துப்போட்டாள். "அண்ணே, ஒரு கிராம்பாவது வைங்க." பல்லில் கிராம்பு வைத்தார்கள். விரிசலில் உள்ளிருந்தே கொஞ்சம் பிசின் அப்பினார்கள். இரண்டும் ஒரே தரத்து வைத்தியம்.

"எப்பலேருந்து இந்த விரிசல்?" என்று முனகினான் தணிகைவேல்.

"நீங்கள் முறுக்கு கடித்த மறுநாளிலிருந்து," என்றது கவனி. "மணி அடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். கிழக்குப் பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது."

ரெஜினா அவனை முறைத்தாள். பிறகு தன் பல் ஒன்றை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு நாள் பல்வலி தெறித்தது. மணியும் விட்டுவிட்டு அடித்தது. மூன்றாம் நாள் வலி சுத்தமாக நின்றது. நரம்பு செத்துவிட்டது, அதனால்தான் வலியில்லை, சீழ் தாடைக்குப் பரவுவதற்குள் பிடுங்க வேண்டும் என்று மருத்துவ இயந்திரம் எச்சரித்தது.

"அதான் வலியே இல்லையே. அடுத்த வாரம் பாக்கலாம்," என்று எழுந்து வந்தான்.

நடைபாதையில் குழந்தைகள் வரிசையாக மேற்குக் கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கயல் கையாட்டினாள். மணி ஓய்ந்திருந்தது.

"விரிசல் சரியாயிடுச்சா?"

"இல்லை," என்றது கவனி. "அங்கிருந்த கசிவு உணரி செத்துவிட்டது. அதனால்தான் மணி இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம்."

தணிகைவேல் குழந்தைகளைக் கிழக்கே விரட்டிவிட்டு, ஓடிப்போய் மருத்துவ நாற்காலியில் விழுந்தான். "பிடுங்கு. நான் வெளிய போகணும்," என்று வாயைப் பிளந்தான்.

வலியே இல்லாமல் ஒருவன் பல் வைத்தியத்துக்கு ஓடியது செவ்வாயில் அதுவே முதல் முறை. பூமியில் அப்படி நடந்ததாகத் தகவல் இல்லை.