யார் சொன்னது பித்தளை?

"ஐயோ... பாய்!"

காலை ஒன்பதரை மணிக்கு கேம்பல் லேன் தெருவையே உலுக்கிய அலறல்.

அலறியவர் முகம்மது யூசுப். தையல் கடைக்காரர். பக்கத்து அத்தர் கடைக்குள் எட்டிப் பார்த்தவர், அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

உள்ளே கடை முதலாளி ஜாஃபர் மல்லாந்து கிடந்தார். தலையில் ஆழமான காயம். சுற்றிலும் உடைந்த குப்பிகள்.

இவ்வளவு மணமான கொலைக்களத்தைப் போலீஸ் அதுவரை பார்த்ததில்லை!

மாலைக்குள் கைதானவன் சேவியர். ஜாஃபரிடம் ஒன்பது வருடமாக வேலை பார்த்தவன். முதல் நாள் கடை அடைக்கும் நேரத்தில் லீவு கேட்டு முதலாளியோடு வாய்ச்சண்டை. தெருவே கேட்டது. கடைச் சாவியும் அவனிடம்தான் இருந்தது.

"நான் செய்யலை..."

பன்னிரண்டு நாளாகக் காவலில் இருந்துகொண்டு அதையேதான் சொன்னான்.

பதின்மூன்றாம் நாள் விஷயம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. கேள்வி எண் ஏழு!

மாடியில் கண்ணாடி அறை. அதற்குள் மைக்கின் முன்னால் நஸீஹா. வயது முப்பத்து நான்கு. சபையில் ஆங்கிலத்தில் பேசுவதை, பேசப் பேசவே தமிழாக்கி ஹெட்செட்டுக்கு அனுப்புவது அவள் வேலை. மூச்சு விட்டால் ஒரு வாக்கியம் போய்விடும். தும்மினால் ஒரு மசோதா!

எதிரே பார்வையாளர் மாடம் நன்றாகத் தெரிந்தது.

முதல் வரிசையில் சேவியரின் மனைவி ரெஜினா, கைக்குட்டையும் கையுமாக. அவள் பக்கத்தில் யூசுப். சேவியரை விடுவிக்கச் சொல்லித் தெருத்தெருவாக எண்ணூறு கையெழுத்து வாங்கியவர் அவர்தான். நாலு இருக்கை தள்ளி ஜாஃபரின் தம்பி சாகுல் ஹமீது, ரெஜினாவை முறைத்தபடி.

அமைச்சர் நீலமேகன் எழுந்தார். சட்டமும் நீதியும் அவர் கையில். நாக்கில் எப்போதும் கொஞ்சம் குறும்பு.

"விசாரணைக் காவலில் யாரையும் எங்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. நீதிபதி முன்னால் காரணம் காட்டியாக வேண்டும். இந்த வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதன் விவரங்களுக்குள் நான் போகப்போவதில்லை."

நஸீஹாவின் தமிழ் வழுக்கிக்கொண்டு போனது.

கேள்வி கேட்ட உறுப்பினர் மறுபடி எழுந்தார்.

"துணைக் கேள்வி. கொலை ஆயுதம் கிடைத்துவிட்டதா?"

அமைச்சர் லேசாகச் சிரித்தார்.

"லெட் மீ கெட் டவுன் டு ப்ராஸ் டாக்ஸ்..."

ஆங்கிலத்தில் அது சும்மா ஒரு பேச்சு வழக்கு. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன் என்று அர்த்தம். நஸீஹாவுக்கும் அது தெரியும். ஆனால் அந்த ஒரு நொடியில், நாற்பது நிமிடம் இடைவிடாமல் பேசிய களைப்பில், 'ப்ராஸ்' மட்டும் காதில் மாட்டிக்கொண்டது!

"பித்தளை..." என்றாள். அதற்குள் அமைச்சரின் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது. "...ஆயுதம் இன்னும் கிடைக்கவில்லை. கட்டாயம் கிடைக்கும்."

பித்தளை ஆயுதம்!

சொன்ன பிறகுதான் உறைத்தது. திருத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் சபாநாயகர் கேள்வி எண் எட்டுக்குப் போய்விட்டார்.

மாடத்தில் சாகுல் ஹமீது விருட்டென்று எழுந்து வெளியேறுவதை அவள் பார்த்தாள்.

அடுத்த நிமிடம் கண்ணாடி அறையின் கதவு தட்டப்பட்டது.

ஜாஃபர் வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் வைஷாலி!

"மாத்தி விட ஆள் இருக்காங்களா? இருந்தா வெளியில வாங்க. இப்பவே."

வராந்தாவில் நிறுத்திவைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பித்தளைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"மேடம்... அது மிஸ்டேக். ஸ்லிப் ஆயிடுச்சு..."

"ஸ்லிப்பா? காயத்துல பித்தளைத் துகள் இருந்துச்சு. அந்த ரிப்போர்ட் நாலு பேருக்குத்தான் தெரியும். டாக்டர், நான், என் பாஸ், அமைச்சர். நீங்க அஞ்சாவது ஆளு!"

நஸீஹா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ... நிஜமாவே பித்தளையா?"

"நடிக்காதீங்க."

"நடிக்கலை மேடம்! சார் ப்ராஸ் டாக்ஸ்னு சொன்னாங்க. எனக்கு ப்ராஸ் மட்டும்தான் வாய்க்கு வந்துச்சு. வேணும்னா ரெக்கார்டிங் போட்டுக் கேளுங்க!"

"கேட்கத்தான் போறேன். ரகசியத்தை லீக் பண்றது என்ன குற்றம்னு தெரியும்ல?"

தெரியும். போன மாதம்தான் அந்தச் சட்டத்தையும் அவளே மொழிபெயர்த்திருந்தாள்!

"அந்தப் பொண்ணை விடுங்க இன்ஸ்பெக்டர்."

பின்னாலிருந்து வந்த குரல் அமைச்சர் நீலமேகனுடையது. கையில் கோப்பு.

"ப்ராஸ் டாக்ஸ்னு சொன்னது நான்தான். எழுதிக் கொடுத்த பதில்ல அது இல்ல. வாய் சும்மா இருக்கல."

"சார், தமிழ்ச் சேனல்ல வெளியில போயிடுச்சு."

"சரி லா, போயிடுச்சு. யாரெல்லாம் கேட்டாங்க?"

வைஷாலி நிமிர்ந்தாள். நல்ல கேள்வி!

நஸீஹா அவசரமாகச் சொன்னாள்.

"ஜாஃபரோட தம்பி! நான் பித்தளைன்னதும் எழுந்து ஓடிட்டாரு. என் கண்ணால பார்த்தேன்!"

வைஷாலி அவ்வளவு வேகமாகப் படியிறங்கி யாரும் பார்த்ததில்லை.

வாசலில், மரத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார் சாகுல் ஹமீது.

"எதுக்கு அவசரமா வெளிய வந்தீங்க?"

"இது என்ன கேள்வி? மக பரிட்சை முடிஞ்சு கூப்பிட்டா. உள்ள போன் பேசக்கூடாதாம். வந்தேன்."

"அமைச்சர் ஆயுதத்தைப் பத்தி என்ன சொன்னாரு?"

"இன்னும் கிடைக்கலைன்னாரு. அதுக்குத்தான் இவ்வளவு பெரிய மீட்டிங்கா?"

"எந்த மாதிரி ஆயுதம்னு சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலையே!"

"ஹெட்செட்ல தமிழ்ச் சேனல்தானே?"

"எனக்கு எதுக்கு மேடம் ஹெட்செட்? நான் இங்கேயே பொறந்து வளர்ந்தவன். இங்கிலீஷ் புரியும்."

வைஷாலி மூச்சை இழுத்துவிட்டாள். பித்தளை இந்த மனிதரின் காதுக்கே போகவில்லை!

ஹெட்செட் கொடுக்கும் மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"தமிழ்ச் சேனல் எத்தனை பேர் வாங்குனாங்க?"

"மூணே பேர் மேடம். நீங்க ஒண்ணு. அந்த அழுத அக்கா ஒண்ணு. அவங்க பக்கத்துல இருந்த அங்கிள் ஒண்ணு. அங்கிள் கொஞ்சம் முன்னாடியே திருப்பிக் குடுத்துட்டாரு. வயித்து வலியாம்."

முகம்மது யூசுப்!

வைஷாலி மாடத்துக்கு ஓடினாள். நஸீஹாவும் பின்னாலேயே. ரெஜினா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"யூசுப் பாய் எங்க?"

"உடம்பு முடியலைன்னு போயிட்டாங்க. நல்ல மனுஷன் மேடம். எம்.பி.கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போனதே அவங்கதான். ஆயுதம் கிடைச்சுதான்னு கட்டாயம் கேக்கச் சொல்லுங்கன்னு எம்.பி.கிட்ட அவங்கதான் சொன்னாங்க..."

நஸீஹாவும் வைஷாலியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போலீசிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு கொலைகாரன் நாடாளுமன்றத்தையே பயன்படுத்தியிருக்கிறான்! கேள்வி கேட்க ஒரு உறுப்பினர். பதில் சொல்ல ஒரு அமைச்சர். தமிழில் சொல்ல ஆளும் உண்டு. எல்லாம் இலவசம்! பித்தளை என்று கேட்டதும் ஓடியவன், இனி ஆயுதத்தைக் கைதானவன் வீட்டில்தானே தள்ளிவிடப் பார்ப்பான்!

"அக்கா," நஸீஹா ரெஜினாவின் கையைப் பிடித்தாள். "உங்க வீட்டுல இப்போ யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. பிள்ளைங்க ஸ்கூல்ல. ஏன்?"

"வீட்டுச் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. பாய்கிட்ட ஒண்ணு. அரிசி, பால் வாங்கிக் கொண்டுவந்து வைப்பாங்க..."

சொல்லும்போதே அவளுக்கும் புரிய ஆரம்பித்துவிட்டது.

வைஷாலி ஏற்கெனவே போனில் இருந்தாள்.

"சேவியரோட ஈசூன் வீட்டுக்கு உடனே ஆள் அனுப்புங்க. சைரன் வேணாம். நானும் வரேன்!"

ஈசூன். ஏழாவது மாடி.

யூசுப் டாக்சியில் முதலில் கேம்பல் லேன் போய், ஒரு துணிப் பையோடு இங்கே வந்து சேர்ந்திருந்தார். கதவைத் திறந்தவர் நேரே சமையலறைக்குப் போனார். தொட்டிக்குக் கீழேயுள்ள அலமாரியைத் திறந்து, பையிலிருந்த பொருளை வெளியே எடுத்தார்.

பழைய பித்தளை இஸ்திரிப் பெட்டி. கரி போட்டுத் தேய்ப்பது. அவருடைய தையல் கடைக் கண்ணாடியில் அழகுக்கு நின்றுகொண்டிருந்தது. பதின்மூன்று நாளாக அங்கே இல்லை.

"என்ன பாய்... வீட்டுல ஆளில்லாத நேரத்துல யாருக்கு இஸ்திரி போடுறீங்க?"

வாசலில் வைஷாலி! பின்னால் மூன்று போலீஸ்காரர்கள்.

பெட்டி யூசுப்பின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. டைல்ஸ் இரண்டாகப் பிளந்தது.

"நான்... இது... இங்கதான் கிடந்துச்சு மேடம்! சேவியர் ஒளிச்சு வெச்சிருக்கான்!"

"சேவியர் உள்ள இருக்கான் பாய். பன்னிரண்டு நாளும் நீங்கதான் இங்க வந்து போயிருக்கீங்க. கீழ லிஃப்ட் கேமராவுல இந்தப் பையோட நீங்க வர்றது தெளிவா இருக்கு. இன்னும் பேசணுமா?"

யூசுப் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பித்தளைன்னு கண்டுபிடிச்சிட்டாங்களேன்னு... இனி என் கடையைத்தான் தேடி வருவீங்கன்னு..."

"ஜாஃபர் உங்களை என்ன செஞ்சாரு?"

யூசுப் பிளந்த டைல்ஸைப் பார்த்தபடி சொன்னார்.

"அவர் கடை லேபிளை ஒட்டி என் பின்னறையில போலி அத்தர் அடைச்சு டூரிஸ்ட்டுக்கு வித்தேன். அன்னைக்கு ராத்திரி கண்டுபிடிச்சிட்டாரு. காலையில போலீசுக்குப் போறேன்னாரு. பெட்டியைத் தூக்கிட்டு அவர் கடைக்குள்ள போனேன்... பயமுறுத்தத்தான் தூக்குனேன்..."

"சேவியருக்குக் கையெழுத்து வாங்குனீங்களே?"

யூசுப் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியலை மேடம். அவனும் வெளிய வரணும். நானும் மாட்டக்கூடாது. அப்படித்தான் நெனச்சேன்... இன்னைக்கு வரைக்கும்."

மறுநாள் மாலை சேவியர் வெளியே வந்தான். ரெஜினா அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். தூரத்தில் நின்ற சாகுல் ஹமீது தயங்கித் தயங்கி வந்து சேவியரின் தோளில் கை வைத்தார்.

"மன்னிச்சிடு லா தம்பி. கடையைத் திறக்க ஆள் வேணும். எப்போ வர்ற?"

"முதல்ல லீவு குடுங்க அண்ணே," என்றான் சேவியர்.

நஸீஹா ராஜினாமாக் கடிதத்தோடு அமைச்சரின் அறைக்குப் போனாள். வைஷாலியும் அங்கே இருந்தாள். நீலமேகன் கடிதத்தைப் படித்தார். மடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நான் பதில் சொல்லி ஒருத்தரும் இதுவரைக்கும் மாட்டினதில்ல. நீங்க தப்பாச் சொல்லி ஒரு கொலைகாரனே மாட்டிட்டான். ராஜினாமா பண்ண வேண்டியது நானா, நீங்களா?"

நஸீஹாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இனிமே கவனமா இருப்பேன் சார். ஒரு வார்த்தைகூடத் தப்பா வராது. ப்ராமிஸ்!"

வைஷாலி பதறிப்போய்க் குறுக்கே வந்தாள்.

"அவசரப்படாதீங்க நஸீஹா! துப்பே கிடைக்காம என்கிட்ட இன்னும் மூணு கேஸ் கிடக்கு!"