சிவப்புக் கட்டம் போட்ட இரண்டு பைகள்

"இது மோலேங்க" என்றாள் ஆய்வக ஜன்னலில் இருந்த பெண், புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு. "கோழிக்கு ஊத்தற குழம்பை எல்லாம் நாங்க சோதிக்கறதில்லை."

நெரெய்தா பைக்குள் கைவிட்டுத் துழாவினாள்; வேறு புட்டி இல்லை. அவளுடைய கருப்பை வாயில் தொங்கிய சதையைக் காலையில்தான் டாக்டர் வெட்டியெடுத்துப் புட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார். 'புற்றா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நீங்களே ஆய்வகத்துல குடுத்துடுங்க.' மெக்சிகோவின் ஹலாப்பா ஊரில் எல்லாரும் அப்படித்தான் கொண்டுபோவார்கள்... பஸ்ஸில், சந்தைப் பையில். இன்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரனிடமும் இதே சிவப்புக் கட்டம் போட்ட பை இருந்தது; இறங்கும்போது மாறியிருக்கிறது.

வாசலுக்கு ஓடியவள், தூறலில் தொப்பலாக நனைந்திருந்த ஒருவன்மேல் மோதினாள். அவன் புட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"அடுத்தவங்க பையைத் தூக்கிட்டுப் போறீங்களே, கண்ணு தெரியாதா?"

"முதல்ல இறங்கினது நீங்கதாங்க. என் பையோட."

ஐயோ... ஆமாம். புட்டியின் சீட்டில் அவள் பெயரும் ஆய்வக முகவரியும் இருந்தன; அதைப் பார்த்துத்தான் தேடி வந்திருக்கிறான். அதன் கீழே, 'சந்தேகம்: புற்று'.

"படிச்சிட்டீங்களா?"

"ம்..." மழை சொட்டும் இமைகளுக்குள் அந்தக் கண்களில் கேலி அணைந்துபோயிருந்தது. "நான் எலெயாசர். முக்குல இருக்கற பேக்கரி என்னுது. ரிசல்ட் எப்போ? நானும் வர்றேன்."

"பத்தாம் நாள். ஆனா பரிதாபப்பட நான் ஆள் தேடலைங்க. வராதீங்க."

பத்தாம் நாள் அவள் உறையோடும் பச்சைக் குடையோடும் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தபோது, அவன் வாசலில் நின்றிருந்தான்.

"வராதீங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நீங்க பிரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். அப்புறம் சொன்னா பரிதாபம்னு நினைப்பீங்க." உறையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. உள்ளே என்ன எழுதியிருந்தாலும்."

உறையைக் கிழித்தாள். ஒருமுறை படித்தாள்... மறுபடியும் படித்தாள். தன்மேல் நம்பிக்கை வராமல் அவனிடம் நீட்டினாள். "நீங்க படிங்க. நான் தப்பாப் படிச்சிருப்பேன்."

"கருப்பையில வந்த சாதாரணத் தசைக்கட்டி. காம்பு நீண்டு கீழே இறங்கியிருக்கு, அவ்வளவுதான்." அவன் நிமிர்ந்தான். "புற்று இல்லை, நெரெய்தா."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த ஈரத்தோடே உண்மையும் வந்தது. "இந்தப் பத்து நாள்ல மூணு தடவை உங்க பேக்கரி வழியாப் போனேன்..."

"நாலு தடவை. எதிர்ப்பக்கமா, இதே பச்சைக் குடையில."

"பார்த்தீங்கல்ல? ஒரு தடவையாவது ஓடி வந்திருக்கலாம்ல?"

"வராதீங்கன்னு சொல்லியிருந்தீங்களே..."

தூறல் பிடித்தது. அவள் குடையை விரித்து அவன் பக்கம் சாய்த்தாள்.

"இப்போ சொல்றேன்... வா."