ஒன்பதாம் வலு

பன்னாட்டுப் பெண்ணுரிமைக் குழுவின் சொல்நிறுவை வரைவுப் பரிந்துரையை வெளியிட்டதும், தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் மரிய பிரகாசி அதை ஒரே மூச்சில் படித்தாள். 'இறால் ஆலைகளில் பெண்களின் நிலையை அரசு மேலும் கவனிக்கலாம்.' வலு: இரண்டு.

அரசின் அறிக்கையையும் மக்களின் சாட்சியங்களையும் எடைபோட்டு, பரிந்துரைக்கு வலுவைக் கணிக்கும் எந்திரம்தான் சொல்நிறுவை. வலு ஒன்பதைத் தொட்டால் ஆறு மாதத்தில் அப்படியே நிறைவேற்றியாக வேண்டும். இரண்டு என்றால் கோப்பில் தூங்கும்.

கைக்காணியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆலைப் பெண்களின் மணிக்கட்டில் பூட்டப்படும் பட்டை அது. ஒரு ஷிப்டில் கழிப்பறையில் ஆறு நிமிடம் தாண்டினால் மறுநாள் அவளுக்கு ஆலைக் கதவு திறக்காது. பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார்கள்.

பிரகாசி வீடு வீடாக நடந்து நானூற்றுப் பன்னிரண்டு குரல்களைப் பதிந்து அனுப்பினாள். வலு ஏழில் போய் நின்றது. ஒன்பதைத் தொட, குழுவின் முன் நேரில் பேச ஒருத்தி வேண்டும். சிறுநீரகம் ஒன்று பழுதாகியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜெபக்கனி துணிந்தாள்.

"ஆறு நிமிசம்னு யாரு வச்சது? எங்க உடம்பக் கேட்டா வச்சீங்க?" என்று குழுவிடம் கேட்டாள்.

வாசகம் மாறியது. 'பெண்ணுக்குக் கைக்காணி பூட்டக் கூடாது.' வலு: ஒன்பது.

ஆறாம் மாதம் பட்டைகளைக் கழற்றினார்கள். பெண்களையும் வெளியே அனுப்பினார்கள். பட்டையில்லாத கைக்கு வேலையில்லையாம்.

பிரகாசி மீண்டும் முறையிட்டாள். நிறுவை உடனே பதில் தந்தது: 'பணியில் உள்ளோரின் சாட்சியமே ஏற்கப்படும். பணியில் உள்ள பெண்களிடமிருந்து புகார் இல்லை. பரிந்துரை நிறைவேறியது. இதே வாசகம் மேலும் முப்பத்தொரு நாடுகளுக்கு அனுப்பப்படுகிறது.'

முதலாளிகள் வெளியிலிருந்து கூட்டிவரும் பொய்ச்சாட்சிகளைத் தடுக்க, பணியில் உள்ளோரே சாட்சி என்ற அந்த விதியைப் போராடி வாங்கியதே சங்கங்கள்தான்.

மறுநாள் ஜெபக்கனி ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். "பக்கத்து ஆலையில, விரும்பித்தான் பட்டை கட்டுறோம்னு எழுதிக் குடுத்தா எடுக்காங்களாம்க்கா. அது பரிந்துரைக்குள்ள வராதாம். நான் போறேன்."

"ஒத்தக் கிட்னிய வச்சுக்கிட்டா? ஒனக்கென்ன கிறுக்காட்டி?"

"உள்ள இருந்தாத்தானேக்கா என் பேச்சு சாட்சி?"

போகாதே என்று சொல்லத்தான் பிரகாசி வாயெடுத்தாள். அதே வாசகம் போகும் முப்பத்தொரு நாடுகளின் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். விண்ணப்பத்தை வாங்கி, 'உடலில் ஏதேனும் நோய் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே தன் கையாலேயே 'இல்லை' என்று எழுதினாள்.