மீதி மூச்சு

கணவர் இறந்த ஒன்பதாம் நாள், சாயங்காலம் நாலேகால் மணிக்கு, வாசல் கேட்டின் கொக்கியை யாரோ விலக்கும் சத்தம் கேட்டது. தையல் மிஷினில் குனிந்திருந்தவள் மிதியிலிருந்து காலை எடுக்க மறந்தாள். ஊசி துணியைத் தாண்டி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஷூ கழன்று விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. முப்பத்தோரு வருஷம் அவர் வெல்டிங் பட்டறையிலிருந்து திரும்பி வந்த சத்தம் அது. கூடவே சுட்ட இரும்பும் வியர்வையும் கலந்த வாசனை, ஜன்னல் திரையை அசைக்காமல் உள்ளே வந்து அவள் பின்கழுத்தருகே நின்றது.

"என்ன, இன்னும் அந்த மிஷினைக் கட்டிக்கிட்டுதான் அழுவுறியா?"

திரும்பினாள். யாரும் இல்லை. வாசலில் ஷூவும் இல்லை.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அழுகை. "ஆமாங்க" என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் நாற்காலியருகே வைத்தாள்.

தினமும் நாலேகாலுக்கு வந்தார். அந்தக் காலத்துப் பட்டறைக் கதையெல்லாம் சொன்னார். தான் போய்விட்டது அவருக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. மகளிடம் போனில் சொன்னபோது, "அம்மா, தனியா இருந்தா அப்படித்தான் தோணும். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மகள்.

"அப்பா வீட்டுக்கு வர்ற நேரத்துல நான் எங்கடி போறது?"

மூன்றாவது வாரம் ஒரே ஒரு ஷூ விழுந்தது. இன்னொன்றுக்காகக் காத்திருந்தாள். விழவேயில்லை. காலடி கூடத்துக்குள் வந்து நின்றது, சமையலறைப் பக்கம் போனது, திரும்பியது, சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. தன் நாற்காலி எங்கே என்று மறந்துவிட்டவரைப் போல. சொல்லிக்கொண்டிருந்த கதைகளில் ஆட்களின் பெயர்கள் உதிர்ந்தன. பிறகு மகளின் பெயர். ஒருநாள் தன் பெயரையே தேடி, பாதியில் நிறுத்தி, வெட்கப்பட்டவர்போல் செருமினார்.

உயிர் போனாலும் மனசு தங்கும் என்று அவள் நம்பியிருந்தாள். தங்கத்தான் செய்தது. வெயிலில் கிடக்கும் துணி மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு.

அடுத்த வாரம் அவள் டம்ளரை வைக்கக் குனிந்தபோது, முகத்துக்கு வெகு அருகில் அந்தக் குரல் நடுங்கியது.

"யாருங்க நீங்க?"

வாழ்நாளில் ஒருமுறைகூட அவளை 'நீங்க' என்று அழைத்திராத மனிதர்.

"நான்தாங்க. உங்க..."

"என்னை விட்டுடுங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

அவர் பயந்திருந்தார். அவளைக் கண்டு பயந்திருந்தார்.

அதன்பின் பேச்சு இல்லை. காலடி இல்லை. வாசனையும் இல்லை. ஐந்து நாள் அமைதி. போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆறாம் நாள், வெளிச்சம் நிறைந்த நடுப்பகலில், அவளைக் கூட்டிப்போக மகள் வந்து படுக்கையறையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அது தொடங்கியது. கட்டிலில். புகை தின்ற நுரையீரலுக்குள் காற்று நுழையப் போராடும் இழுப்பு. இழுக்கும். பாதியில் நிற்கும். மறுபடி இழுக்கும். அதே கட்டிலில் உயிர் போகும்முன் அவர் இழுத்த கடைசி அரைமணி நேரம்.

மகளின் கையிலிருந்து சேலை நழுவியது. "அம்மா... இது அப்பாதானே?"

அரைமணி ஆனது. ஒரு மணி ஆனது. அந்த மூச்சு முடியவில்லை. அன்று முடிந்தது. இப்போது முடியவில்லை.

எல்லாம் உதிர்ந்து, மிஞ்சியது இது ஒன்றுதான். பெயர் இல்லை. முகம் இல்லை. திணறல் மட்டும்.

"வா போயிடலாம்மா, கெஞ்சிக் கேக்குறேன்."

"அப்பாவை இப்படி விட்டுட்டா?"

இருட்டியது. விடிந்தது. மகள் வாசற்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் காலிக் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, வெறும் காற்றில், ஒரு முதுகின் உயரத்தில், மேலிருந்து கீழாகக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா... மெதுவா விடுங்க."

உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. அவளுடைய வியர்வை அல்ல.