முன்னிருக்கை விருந்தாளி

கரகாண்டி நகரிலிருந்து கிளம்பும்போது வானம் சுத்தமாக இருந்தது. என் மாமியார் ஊரில் எங்கள் மகன் எல்தாருக்குக் கால்கயிறு வெட்டும் சடங்கு. பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டான். காலில் நூலைக் கட்டி வெட்டினால்தான் தடுக்கி விழாமல் ஓடுவான் என்பது எங்கள் நம்பிக்கை. என் வீட்டுக்காரர் எர்மெக் காரை ஓட்டினார். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால், ஹீட்டருக்கு நேராக உட்கார்ந்திருந்தேன்.

எர்மெக்குக்கு "முடியாது" என்று சொல்ல வராது. அன்று காலையில் பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான் என்று, எங்கள் பனி அள்ளும் மண்வெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். எங்கள் பொட்டல்வெளியில் மண்வெட்டி இல்லாமல் குளிர்காலத்தில் வண்டி எடுப்பவனைக் கிறுக்கன் என்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

நண்பகலில் புரான் வந்துவிட்டது. எங்கள் பனிப்புயலுக்கு அதுதான் பெயர். அது இருட்டாக்காது, எல்லாவற்றையும் வெளுப்பாக்கிவிடும். ரோடு போயிற்று, வானம் போயிற்று, எங்கள் காரின் மூக்கே தெரியவில்லை. சக்கரம் எதிலோ ஏறிப் புதைந்து நின்றது.

"பயப்படாத மரல். வண்டிய விட்டுப் போனாத்தான் சாவு. உள்ளயே இருந்தா பொழச்சுக்கலாம்."

"மண்வெட்டி இருந்தா இன்னும் நல்லாப் பொழைக்கலாம்," என்றேன்.

அவர் மீட்புப் படைக்குப் போன் போட்டு, நிற்கும் இடத்தைச் சொன்னார். "பெரியவங்க ரெண்டு பேரு, குழந்த ஒண்ணு," என்று சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

அப்புறம் எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டோம், கொஞ்ச நேரம் அணைத்தோம். புகைக்குழாயைப் பனி அடைத்தால் புகை உள்ளே வந்து தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதனால் அவர் இடுப்பில் இழுவைக் கயிற்றைக் கட்டி, மறு முனையைக் கதவில் கட்டி, அவ்வப்போது இறங்கிப் போய் வெறும் கையால் பனியைப் பறித்துவிட்டு வந்தார். கயிறு இல்லாமல் இறங்கினால் கைக்கு எட்டும் தூரத்திலேயே காரைத் தொலைத்துவிடலாம்.

அவர் மூன்றாம் தடவை போய்விட்டு வந்து உட்கார்ந்தபோது, என் பக்கத்துக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். அவசரமே இல்லாத, மரியாதையான தட்டல்.

வெளியே ஒரு இளைஞன் நின்றான். தலையில் தொப்பி இல்லை. மெல்லிய சட்டை.

புயலில் வந்தவன் கடவுள் அனுப்பிய விருந்தாளி. அவனுக்குத்தான் நல்ல இடம். சாப்பிட ஏதாவது கொடுக்கும்வரை நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கக் கூடாது. நான் முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையோடு பின்னால் போனேன். ஹீட்டருக்கு முன்னால் அவன் உட்கார்ந்தான்.

ஃபிளாஸ்கிலிருந்து பால் தேநீர் ஊற்றி எர்மெக் நீட்டினார். அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமலே திருப்பிக் கொடுத்தான்.

தேநீர் மேல் ஐஸ் படிந்திருந்தது.

ஹீட்டர் முழு வேகத்தில் இரைந்தது. இருந்தும் எங்கள் மூச்சு புகையாக வந்தது. ஈரமான பழைய கம்பளி வாடை ஒன்று பின் இருக்கை வரை பரவியது. எல்தாரின் காலைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று காலுறைக்குள்ளும் ஜில்லென்றிருந்தது.

அவன் தோளில் கிடந்த பனி கரையவில்லை.

"அந்தாள எறங்கச் சொல்லுங்க," என்று எர்மெக்கின் காதில் கிசுகிசுத்தேன்.

"எப்படிடீ சொல்றது?"

அவன் மெதுவாகத் திரும்பினான். "நல்ல தொப்பிண்ணே."

விருந்தாளி ஒரு பொருளை மெச்சினால் அதை வைத்துக்கொள்வது அசிங்கம். எர்மெக் தன் நரித்தோல் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். "ஒன்னோடதுதான் தம்பி, போட்டுக்க."

கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல கோட்டு," என்றான்.

நான் பின்னாலிருந்து அவர் தோளில் கிள்ளினேன். கேட்கிற மனிதரா? ஆட்டுத்தோல் கோட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல பெயர் எடுத்தே சாகப் போகிறார் என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

பெட்ரோல் முள் அடியில் கிடந்தது.

பிள்ளை அழுவதை நிறுத்தியிருந்தான். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. சால்வையைத் திறந்து அவனை என் மாரோடு சேர்த்தேன்.

அப்போது அந்த ஆள் முழுதாகப் பின்னால் திரும்பினான்.

"கொழந்த," என்றான். "எவ்ளோ கதகதப்பா இருக்கு."

காற்று காரை ஆட்டிக்கொண்டிருந்தது. எர்மெக்கின் வாய் பழக்கத்தில் திறப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். கடவுளே, "ஒன்னோடதுதான்" என்று சொல்லிவிடப் போகிறார்.

"அது முடியாது தம்பி," என்றார் எர்மெக்.

நான் அறிந்து அவர் யாரிடமும் சொன்ன முதல் "முடியாது" அது.

அவன் கோபப்படவில்லை. "அப்ப நான் கெளம்புறேண்ணே," என்று கதவைத் திறந்து வெள்ளைக்குள் இறங்கினான். நடந்துபோன மாதிரியே தெரியவில்லை.

உள்ளே புகை நெடி அடித்தது. குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது. எர்மெக் கயிற்றை இடுப்பில் கட்டினார்.

"போகாதீங்க. அவன் வெளியதான் நிக்கிறான்."

"போகலைன்னா மூணு பேரும் இங்கயே தூங்கிடுவோம். ஹாரன அடிச்சுக்கிட்டே இரு."

என் சால்வையை அவர் தலையில் சுற்றிவிட்டேன். அவர் பிள்ளையின் நெற்றியை முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கினார். நான் பிள்ளையோடு அவர் இருக்கைக்கு நகர்ந்தேன்.

பின்னால் பனி பறிக்கும் சத்தம் கேட்டது. புகை நெடி குறைந்தது. கயிறு இரண்டு முறை இழுபட்டது. அப்புறம் தொய்ந்தது. நான் பிடித்து இழுத்தேன். லேசாக வந்தது.

முனையில் முடிச்சு அவிழ்ந்திருந்தது.

நான் ஹாரனை அடித்தேன், அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கார் மெல்லச் சூடேறியது. எல்தார் சிணுங்கினான். அவன் பாதம் என் உள்ளங்கையில் வெதுவெதுப்பானபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புருஷனைப் பனியில் விட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளை சாம்பல் நிறமாகும் நேரத்தில் மீட்புப் படையின் சங்கிலிச் சக்கர வண்டி வந்தது. என்னையும் பிள்ளையையும் தூக்கி உள்ளே ஏற்றினார்கள். "என் வீட்டுக்காரர், புகைக்குழாய்கிட்ட," என்றேன். இரண்டு பேர் கயிறு கட்டிக்கொண்டு தேடப் போனார்கள்.

"கெடச்சுட்டார், உசுரோட இருக்கார்," என்று வெளியே குரல் கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். நரித்தோல் தொப்பி புருவம்வரை இறங்கியிருந்தது. ஆட்டுத்தோல் கோட்டு. முகம் பனியில் கறுத்து, யாருடையதென்று சொல்ல முடியாதபடி கிடந்தது. அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஈரக் கம்பளி வாடை.

"இவர் இல்ல," என்றேன். "இன்னும் தேடுங்க. அவருக்குக் கோட்டு இல்ல. ஸ்வெட்டர்தான் போட்டிருக்கார்."

"அக்கா, போன்ல மூணு பேருன்னுதான் சொன்னாங்க. மூணு பேரும் கெடச்சாச்சு." சொன்ன மீட்புப் படைப் பையன் நல்லவன். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு சிரித்தான். "குளிர் அடிச்சா புத்தி இப்படித்தான் தடுமாறும். கதவ மூடுங்கப்பா."

கதவு மூடியது. வண்டி நகர்ந்தது.

வெளியே வண்டியின் தகரத்தில் யாரோ தட்டினார்கள்.

"மரல்," என்று கூட ஒருமுறை கேட்டது.

"நிறுத்துங்க, அவர் வெளிய நிக்கிறார்."

"ஐஸ் மோதுதுக்கா."

நான் எழுந்து கதவில் விழுந்தேன். பிடித்து உட்காரவைத்தார்கள். படையோடு வந்திருந்த மருத்துவப் பெண் என் கையில் ஊசி போட்டாள். தட்டும் சத்தம் வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தது, பின்தங்கியது, நின்றுபோனது. என் நாக்கு தடித்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன.

"தூங்குங்கக்கா," என்றாள் அவள், என் கையிலிருந்து எல்தாரை எடுத்தபடி. "கொஞ்ச நேரம் அப்பாகிட்ட இருக்கட்டும்."

அவன் பிள்ளையை வாங்கி, கோட்டுக்குள் வைத்து, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டான்.